அஞ்சஞ்சு ரூபாயாய் இறங்கிய ஏலம்

அத்தியப்பன் லாரி செட்டுக்குத்தானே வழி கேட்டீங்க? சொல்றேன், உட்காருங்க. இந்த பேக்கரி முன்னால் யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க. ஆனால் வழியோடு சேர்த்து ஆளுக்கொரு கதையும் சொல்லுவாங்க. அந்த மனுசனைப் பற்றி இந்த நாமக்கல்லில் இப்போது நல்லதாய் ஒரு வார்த்தை கேட்க முடியாதுங்க. ரெண்டு டீ சொல்லியாச்சு. உட்காருங்க.

வண்டி வாங்க வந்திருக்கீங்க, ஆமாவா? எப்படித் தெரியும் என்று பார்க்கறீங்களா? பட்டப்பகலில் கையில் டார்ச்சு லைட்டு வைத்திருக்கீங்களே. அடியில் படுத்து சேஸ் நம்பர் பார்க்கத்தானே? நானும் இந்தத் தொழிலில்தான் முப்பத்திநாலு வருசமாய் இருக்கிறேன். பேர் அர்த்தநாரி. ஆறு வண்டி. படிப்பு அஞ்சாப்பு. ஆனால் எண் தெரியும், பட்டன் தெரியும். அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அத்தியப்பண்ணனுக்கு மூணு வண்டி. மூணையும் விற்கிறார். ஏன் விற்கிறார் என்று உங்களை அனுப்பிய புரோக்கர் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்குக் கமிசன் வந்தால் சரி. நான் சொல்றேன். அந்த மனுசனை நினைத்தாலே எனக்குக் குமட்டுதுங்க. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்றேன். கேட்டுவிட்டு அப்புறம் போய் வண்டியைப் பாருங்க.

இங்கே பக்கத்தில் ஒரு சோப்புக் கம்பெனி இருக்கிறது. பேர் எதற்கு, விடுங்க. அங்கிருந்து கேரளாவுக்கு, திருச்சூர் குடோனுக்கு லோடு. பத்தொன்பது வருசமாய் நானும் அத்தியப்பண்ணனும் இன்னும் மூணு பேரும் சேர்ந்துதான் ஓட்டினோம். வருசத்துக்கு ஒரு தடவை அந்தக் கம்பெனி மேனேஜர் கூப்பிடுவார். போவோம். பிஸ்கட்டு வைப்பார். "டீசல் ஏறிருச்சு சார்" என்போம். "ஏறட்டும்யா, நான் எங்க போவேன்" என்பார். கொஞ்சம் இழுப்போம், கொஞ்சம் விடுவோம். கை குலுக்கிவிட்டு வந்துவிடுவோம். அத்தோடு ஒரு வருசச் சோறு.

அந்த மேனேஜர் ரிட்டயர் ஆனார். போன வருசம் பம்பாயிலிருந்து ஒரு பையன் வந்தான். கழுத்தில் பட்டை, பட்டையில் அட்டை. "இனிமேல் பேச்சு கிடையாதுங்க, எல்லாம் போர்ட்டல்" என்றான். போர்ட்டல் என்றால் என்ன தெரியுமா? நம்ம ஊர் ஏலத்தில் விலை மேலே ஏறும். இதில் கீழே இறங்கும். எவன் குறைத்து ஓட்டுகிறேன் என்கிறானோ அவனுக்கு லோடு. எல்லாரும் அவனவன் இடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ரேட்டுப் போட வேண்டியது. ஒரு அழுத்துக்கு அஞ்சு ரூபாயாவது குறைக்க வேண்டும். அரை மணி நேரம். கடைசி மூணு நிமிசத்தில் எவனாவது குறைத்தால் இன்னும் மூணு நிமிசம் நீளும். எதிரில் இருப்பவன் எவன் என்று பேர் காட்டாது. அப்போதைக்கு மிகக் குறைந்த ரேட்டு என்ன, நாம் எத்தனையாவது ஆள், அவ்வளவுதான் காட்டும். முதல் ஆளுக்கு எல்-ஒன் என்று பேர், அடுத்தவனுக்கு எல்-டூ. நூறு லோடு என்றால் எல்-ஒன்னுக்கு அறுபது, எல்-டூவுக்கு நாற்பது. ரெண்டு பேருமே எல்-ஒன் போட்ட ரேட்டுக்குத்தான் ஓட்ட வேண்டும். மற்றவன் எல்லாம் வீட்டுக்குப் போக வேண்டியது.

மூஞ்சி பார்க்காமல் ஒரு வியாபாரமா? தூ. எனக்கு அன்றைக்கே அருவருப்பாய் இருந்ததுங்க.

அத்தியப்பண்ணன்தான் யோசனை சொன்னார். என்னைவிட ரெண்டு வயது மூத்தவர். "அர்த்தநாரி, தனித்தனியா உக்காந்தா ஒருத்தன ஒருத்தன் கொன்னுக்குவம். அஞ்சு பேரும் லாரி சங்கத்து ரூம்ல ஒண்ணா உக்காருவோம். போனையெல்லாம் ஒரு தட்டத்துல வெச்சுருவோம். டன்னுக்கு ஆயிரத்தி முந்நூறுக்குக் கீழ ஒருத்தரும் போகக்கூடாது. அதுக்குக் கீழ போனா டீசலும் டோலும் டிரைவர் படியும் போக கையில ஒண்ணும் நிக்காது" என்றார். ஏற்பாடு என்ன என்றால், அவர் ஆயிரத்து முந்நூறு போட்டு எல்-ஒன், நான் ஆயிரத்து முந்நூற்றைந்து போட்டு எல்-டூ. மற்ற மூணு பேரும் கம்மென்று இருக்க வேண்டும். கிடைக்கிற லோடை அஞ்சு பேரும் வழக்கம்போல் பிரித்து ஓட்டிக்கொள்வோம். ஆஞ்சநேயர் படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றி, ஆளாளுக்குக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினோம். நானும் அணைத்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்? அணைத்தேன்.

ஆனால் நான் சத்தியம் பண்ணினது என் கம்பெனிக்குத்தானுங்களே.

சிரிக்காதீங்க. இந்த ஊரில் பொண்டாட்டி பேரில் ரெண்டாவது கம்பெனி இல்லாத லாரிக்காரன் எவன் இருக்கிறான் சொல்லுங்க. வரிக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று என்று எல்லாருக்கும் இருக்கும். நானும் அந்த மாசம் பாப்பாயி பேரில் ஒன்று பதிந்தேன். பாப்பாயி என் வீட்டுக்காரி. ஸ்ரீ பாப்பாயி டிரான்ஸ்போர்ட். அதற்கும் அஞ்சு லட்சம் டெபாசிட் கட்டி, போர்ட்டலில் பேர் கொடுத்துவிட்டேன். அத்தியப்பண்ணன் ஒருத்தருக்குத்தான் ஒத்தைக் கம்பெனி. அவர் வீட்டுக்காரி செத்து ஆறேழு வருசம் ஆச்சு. ஒத்தைக் கம்பெனி என்று அவர் சொல்வார். அதுதான் எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. எவனாவது ஒன்றோடு நிற்பானா?

என் கணக்கு இதுதான். எல்-ஒன்னும் நானே, எல்-டூவும் நானே. நூற்றுக்கு நூறு லோடும் எனக்கு. அத்தியப்பண்ணனுக்குத் துரோகம் என்கிறீங்களா? அப்படி இல்லைங்க. லோடு வந்தபிறகு அவர் வண்டிக்கும் நாலு கொடுத்திருப்பேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

வீட்டில் என் மருமகள் பிருந்தா இருக்கிறாள். பி.காம். படித்தவள். கம்ப்யூட்டர் எல்லாம் அவள்தான். காலையில் கிளம்பும்போது அவளிடம் சொன்னேன்: "ஆயிரத்தி இருநூத்தி எண்பதுக்குக் கீழ போயிராத சாமி." "சரிங்க மாமா" என்றாள். செருப்பைப் போட்டேன். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்து, "என்ன ஆனாலும் அந்த எல்-ஒன் சீட்டை மட்டும் விட்றாத" என்றும் சொன்னேன். அதற்கும் "சரிங்க மாமா" என்றாள்.

பதினொரு மணிக்கு ஏலம். அஞ்சு பேர், அஞ்சு லேப்டாப்பு. தட்டத்தில் அஞ்சு போன். சொன்னது சொன்னபடி அத்தியப்பண்ணன் ஆயிரத்து முந்நூறு போட்டார். நான் ஆயிரத்து முந்நூற்றைந்து. அத்தோடு எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். "ஆச்சப்பா, முட்டை போண்டா சொல்லுங்க" என்றான் ஒருத்தன். பதினொன்று இருபத்தேழுக்கு ஒரு அழுத்து விழுந்தது. ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.

"எவன்றா அவன்?" என்று முதலில் கத்தினது நான்தான். நன்றாகவே கத்தினேன்.

வெளியூர்க்காரன் எவனோ புகுந்துவிட்டான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அத்தியப்பண்ணன் தொண்ணூறு போட்டார். உடனே எண்பத்தைந்து விழுந்தது. அவர் கையை எடுத்துவிட்டார். "போதுமப்பா. சத்தியம் முந்நூறோட முடிஞ்சுது. நான் அதுக்கே பத்து ரூபா கீழ வந்துட்டேன், மனசு கேக்கல" என்றார். நான், "விடுங்கண்ணா, நான் ஒரு தட்டு தட்டறேன்" என்று எண்பது போட்டேன். இப்போது பாருங்க, நான் எல்-ஒன், பாப்பாயி எல்-டூ. அத்தியப்பண்ணன் மூணாவது. நினைத்தது நடந்துவிட்டது. முகத்தை மட்டும் சோகமாய் வைத்துக்கொண்டேன்.

அரை நிமிசம்கூட ஆகவில்லை. எழுபத்தைந்து விழுந்தது.

எண்பதுக்குக் கீழே போகாதே என்று மருமகளிடம் சொல்லியாச்சு. அவள் சொன்ன பேச்சு மீறாத பிள்ளை. அப்படி என்றால் இது வேற எவனோ. எவன்? திரும்பிப் பார்க்கிறேன், அத்தியப்பண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சாந்தமாய் உட்கார்ந்திருக்கிறார். பத்தொன்பது வருசத்து லோடு போகிறது, ஒரு மனுசன் இப்படியா உட்கார்ந்திருப்பான்? பட்டென்று எனக்கு விளங்கிவிட்டது. இந்த ஆளுக்கும் எங்கேயோ ஒரு ரெண்டாவது கம்பெனி இருக்கிறது. சூடத்தை அணைத்த கையோடு எப்படி உட்கார்ந்திருக்கிறான் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன பிறவிங்க இதெல்லாம்!

எழுபது போட்டேன். அறுபத்தைந்து விழுந்தது. அறுபது போட்டேன். ஐம்பத்தைந்து.

தட்டத்தில் என் போன் அடித்தது. 'மருமகள்' என்று வெளிச்சம் வந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள். எண்பதோடு நிறுத்திவிட்டேன் என்று சொல்லக் கூப்பிடுகிறாள், பாவம் என்று நினைத்து நானே கட் பண்ணினேன். மறுபடி அடித்தது. "எடு அர்த்தநாரி, வீட்ல என்னமோ ஏதோ" என்றார் அத்தியப்பண்ணன். பார்த்தீங்களா தந்திரத்தை? நான் போன் பேசுகிற நேரத்தில் அவர் கம்பெனி ஜெயித்துவிட வேண்டும்! போனை அணைத்தே வைத்துவிட்டேன்.

அப்புறம் நடந்ததை எல்லாம் சொல்லவே நா கூசுது. ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து நூற்றைம்பது. நேரம் முடியப் போகும், அஞ்சு ரூபாய் இறங்கும், மூணு நிமிசம் நீளும். பன்னிரண்டு மணி ஆச்சு. போண்டா அப்படியே கிடந்தது. ஆயிரத்து நூறில் அத்தியப்பண்ணன் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "விட்றா. எவனோ கிறுக்கன், நட்டத்துக்கு ஓட்டட்டும். இந்த ரேட்டுக்கு டீசலுக்கே பத்தாதுடா. உனக்கு ஆறு வண்டி தவணை இருக்குது" என்றார். உதறினேன். "உன்ற கம்பெனிய ஜெயிக்க வெச்சுட்டு நான் வாயில வெரல் வெச்சுட்டுப் போறதா?" என்றேன். "என்ற கம்பெனியா?" என்றார். ஒன்றும் தெரியாத மாதிரி.

பன்னிரண்டரைக்கு ஆயிரத்து நாற்பத்தைந்தில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நிறுத்தினேன். அந்தப் பக்கம் ஆயிரத்து நாற்பது. முடிந்தது.

எழுந்து நின்று அவர் காலடியில் துப்பினேன். துப்பிவிட்டு, "செத்த பொண்டாட்டி பேர்ல கம்பெனி வெச்சு ஓட்டறயே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டேன்.

மற்ற மூணு பேரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் லேப்டாப்பை மூடினார். தட்டத்திலிருந்து போனை எடுத்தார். படி இறங்கிப் போய்விட்டார். குற்றம் இல்லாதவன் என்றால் கத்தியிருக்க மாட்டானா? சட்டையைப் பிடித்திருக்க மாட்டானா? அந்த ரூமில் அத்தனை பேருக்கும் அதுவே சாட்சியாகிவிட்டது. நான் வேறு எதையும் சொல்லவே இல்லை, பாருங்க.

வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கேசரி வாசம். மருமகள் ஓடி வந்து, "மாமா, சீட்டை விடவே இல்ல! எவனோ ஒரு பைத்தியக்காரன் மாமா, எறங்கிட்டே இருந்தான். ரெண்டு தடவ போன் பண்ணினேன், நீங்க எடுக்கல. எண்பதுக்குக் கீழ வந்துட்டோமே, இன்னும் எறங்கலாமான்னு கேக்கத்தான். அத்தைதான் சொன்னாங்க, கடைசியா சொல்லிட்டுப் போனது சீட்டை விடாதேன்னு, அதையே புடிச்சுக்கன்னு" என்றாள். பாப்பாயி பின்னால் கரண்டியோடு நிற்கிறாள். ரெண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோசம்.

நான் என்ன செய்ய? உட்கார்ந்து கேசரி தின்றேன். அந்தப் பைத்தியக்காரன் நான்தான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பிள்ளை மனசு கஷ்டப்படும்.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஜெயித்தவர்களுக்கு மட்டும்தான் வரும். எல்-ஒன் ஸ்ரீ பாப்பாயி டிரான்ஸ்போர்ட், எல்-டூ நான். ஆயிரத்து நாற்பது. ஒரு வருசம். பின்வாங்கினால் ரெண்டு டெபாசிட்டும் போச்சு. பத்து லட்சம். சங்கத்தில் கேட்டார்கள். "அந்த எல்-ஒன் திருட்டுப் பயல் ஓடிட்டான், மொத்தத்தையும் என் தலையில கட்டிட்டாங்க" என்றேன். நம்பினார்கள். என்மேல் பரிதாபம்கூடப் பட்டார்கள். அந்த எல்-ஒன் யாரென்று அவர்களுக்கே தெரிந்த மாதிரி பேசினார்கள். அத்தியப்பனுக்கு இனி யாரும் லோடு கொடுக்கக் கூடாது என்று சங்கத்தில் முடிவாச்சு. அது நான் கொண்டுவந்த தீர்மானம் இல்லைங்க. கையை மட்டும்தான் தூக்கினேன்.

எட்டு மாசமாய் ஒவ்வொரு லோடுக்கும் கைக்காசு போட்டு ஓட்டுகிறேன். சோப்பு வாசமே இப்போது எனக்கு ஆகாது. குளிக்கும்போது வாந்தி வருது. பாப்பாயி எனக்கென்று கடலை மாவு அரைத்து வைக்கிறாள். எனக்கே இந்தக் கதி என்றால், லோடே இல்லாதவர் நிலைமை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூணு வண்டியும் செட்டிலேயே நிற்கிறது.

இருங்க, இன்னும் ஒன்று. போன மாசம் பரமத்தி ரோட்டு பங்க்கில் என் வண்டி டீசல் போட நின்றது. பின்னால் அவர் மொபட்டில் வந்தார். என் டிரைவர் முட்டாள், லோடு ரசீதை முன்கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறான். கொட்டை எழுத்தில் பாப்பாயி பேர், போர்ட்டல் ஏல நம்பர், எல்-ஒன் என்று எல்லாமே அதில் இருக்கிறது. அவர் படித்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி ஒரு தடவை. நான் கதவோரம் நிற்கிறேன். இப்போது திட்டுவார், இப்போது கத்துவார் என்று பார்க்கிறேன். பங்க்கு நிறைய ஆள். எல்லாம் நம்ம சங்கத்து ஆள்கள்.

"பாப்பாயி அம்மிணி நல்லாருக்குதா அர்த்தநாரி?" என்று கேட்டார்.

"இருக்குதுங்கண்ணா" என்றேன்.

"நூறு வருசம் இருக்கோணும்" என்றார். அம்பது ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எப்பேர்ப்பட்ட ஆள் பாருங்க! இத்தனை மாசத்துப் பழி தீர்க்க ஒரு நிமிசம் போதும், அங்கேயே நின்று கத்தியிருக்கலாம். செருப்பால் அடித்திருக்கலாம். வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். அதைச் செய்யாமல் வாழ்த்திவிட்டுப் போகிறான். மனுசன் செய்கிற காரியமா அது? அதிலிருந்துதான் அவனை நினைத்தாலே எனக்குக் குமட்டுது. இதை அவன் ஒருத்தர்கிட்டயும் சொல்லவும் இல்லை. ஒரு மாசமாய்க் காத்துக்கொண்டிருக்கிறேன், எவனாவது வந்து கேட்பான் என்று. ஒருத்தனும் கேட்கவில்லை.

என்னங்க? சங்கத்தில் போய் நானே சொல்லிவிட்டால் அவர் வண்டி விற்க வேண்டியதில்லையே என்கிறீங்களா? நல்லாச் சொன்னீங்க. வண்டி வாங்க வந்த ஆள் வண்டி வேண்டாம் என்கிற மாதிரிப் பேசறீங்க. சூடம் அணைத்த கைங்க இது. இதை வைத்துக்கொண்டு நான் அங்கே போய் எப்படிச் சொல்ல? என் மருமகள் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா? உங்களுக்குத் தொழில் தெரியாது, விடுங்க.

வண்டியைப் பற்றிக் கேளுங்க, சொல்றேன். மூணும் தங்கம். ஒரு லோடு நனைந்தது என்று ஒருநாள் பேச்சு வந்தது கிடையாது. எல்லா வண்டிக்கும் ரெட்டைத் தார்ப்பாய் போடுகிற ஒரே ஆள் அவர்தான். பத்து சக்கர வண்டிக்குப் பதினாலரை லட்சம் சொல்வார். நீங்க பதிமூணுக்குக் கேட்பீங்க. கேட்காதீங்க. ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்காதீங்க. இறக்கி இறக்கிப் பேசினால் அந்த மனுசன் சரி சரி என்று கொடுத்துவிடுவார், எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் பண்ணுங்க. இந்தாங்க, இதில் பத்தாயிரம் இருக்கிறது. அவர் சொல்கிற விலைக்கு மேலே இதையும் போட்டு, உங்க காசு மாதிரிக் கொடுத்திருங்க. வண்டி பிடித்திருந்தது, மனசாரக் கொடுக்கிறேன் என்று சொல்லுங்க. என் பேர் வர வேண்டாம். வழியில் யாரோ ஒருத்தன் செட்டைக் காட்டினான் என்று சொன்னால் போதும். பங்க்கைத் தாண்டி ரெண்டாவது சந்து, பச்சைக் கேட்டு.

பிடிங்க. ஏனுங்க, கையைப் பின்னால் இழுத்துக்கறீங்க? நல்ல நோட்டுதானுங்க. டீ குடிக்காமல் எந்திரிக்கறீங்க? குறைச்சலாய்த் தெரியுதா? சரி, பதினஞ்சு வைத்துக்கொள்ளலாம்.

இருங்க, இருங்க. சரிங்க, இருபது.